குறையுள்ள நாயகர்களை ஏன் விட முடிவதில்லை? காவிய ஃபேண்டசி பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

காவிய ஃபேண்டசி படிக்கத் தொடங்கியவர்களும், படிக்கலாமா என்று தயங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். சில நாவல்களின் முக்கியமான திருப்பங்களைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. கதை தெரிந்துவிட்டால் படிக்க மனம் வராது என்பவர்கள், தெரியாத பெயர் கண்ணில் பட்டதும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

காவிய ஃபேண்டசி என்று எதைச் சொல்கிறோம்?

மந்திரம் இருந்தால் ஃபேண்டசி. அதோடு ஒரு முழு உலகமும், அந்த உலகத்தின் தலைவிதியும் பணயத்தில் இருந்தால் காவிய ஃபேண்டசி. தனி நிலப்பரப்பு, தனி வரலாறு, சில சமயம் தனி மொழி, முதல் பக்கத்தில் ஒரு வரைபடம். இதற்கு மேல் எல்லைக்கோடு போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

குறையுள்ள நாயகன் என்றால் வில்லத்தனம் செய்யும் நாயகனா?

இல்லை. பெரும்பாலும் அவன் நல்லதைத்தான் விரும்புவான். ஆனால் அவனுக்குள்ளேயே ஒன்று குறுக்கே நிற்கும். அது கர்வமாக இருக்கலாம், பயமாக, பொறாமையாக இருக்கலாம். பாசமாகக்கூட இருக்கலாம். பாசத்தை இந்தப் பட்டியலில் பலர் சேர்ப்பதில்லை. திருதராஷ்டிரனை நினைத்துப் பாருங்கள். பார்வை இல்லாமல் பிறந்தது அவனுடைய குறையே இல்லை. விதுரன் அத்தனை முறை எடுத்துச் சொல்லியும் மகனை மறுத்து ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதுதான் குறை. அந்த இடத்தில் அவன் கொடியவனும் அல்ல, நல்லவனும் அல்ல. ஓர் அப்பா. குலமே அழிந்தது.

நல்லவனைப் பற்றிப் படிப்பதுதானே இதமாக இருக்கும்? இவர்கள் மேல் ஏன் இந்த ஈர்ப்பு?

"நம்மைப் போலவே இருக்கிறார்கள்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். நம்மில் யாரும் படை நடத்துவதில்லை, டிராகனோடு பேரம் பேசுவதில்லை. நம்மைப் போன்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஆயிரம் பக்க நாவல் தேவையில்லை.

எனக்குத் தோன்றுவது வேறு. பதற்றம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். மாசற்ற நாயகன் முன்னால் இரண்டு வழி இருந்தால் அவன் எதை எடுப்பான் என்று நமக்கு முன்பே தெரியும். மிச்சமிருக்கும் ஒரே கேள்வி அவன் ஜெயிப்பானா என்பது. அதற்கும் பதில் கையிலேயே இருக்கிறது. இன்னும் நானூறு பக்கம் பாக்கி இருக்கும்போது அவன் எப்படிச் சாவான்?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். முற்றுகையில் இருக்கும் கோட்டை. வெளியே உயிருக்குப் பயந்து ஓடிவரும் கூட்டம், அதன் பின்னாலேயே எதிரிப்படை. கதவைத் திறக்கலாமா என்பதைப் படைத்தலைவன் முடிவு செய்ய வேண்டும். மாசற்றவன் திறப்பான். கடைசி ஆள் உள்ளே வந்ததும் கதவு சரியாகச் சாத்தப்படும்படி எழுத்தாளர் பார்த்துக்கொள்வார். இப்போது அதே இடத்தில் வேறொருவனை நிறுத்துங்கள். பத்து வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒரு கதவைத் திறந்து ஒரு நகரத்தையே பறிகொடுத்தவன். அதிலிருந்து தன் இரக்கத்தையே நம்பாதவன். அவன் என்ன செய்வான் என்று நமக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவன் கதவை மூடிவிட்டால் நாம் அவனை வெறுப்போம், ஆனால் ஏன் மூடினான் என்று புரிந்துகொண்டே வெறுப்போம். அடுத்த தொகுதியில், அன்று வெளியே நின்று எப்படியோ தப்பிய ஒரு பெண் அவனுடைய படையிலேயே வந்து சேர்கிறாள் என்று வையுங்கள். அவள் யாரென்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. புத்தகத்தை யாராவது கீழே வைப்பார்களா?

இதெல்லாம் சமீபத்திய மோகம்தானே? பழைய கதைகளில் நாயகர்கள் சுத்தமாக இருந்தார்களே?

எந்தப் பழைய கதையில்? கில்காமேஷ் காவியம் தொடங்கும்போதே ஊர் மக்கள் தங்கள் அரசனின் அட்டகாசம் தாங்காமல் தெய்வங்களிடம் முறையிடுகிறார்கள். அந்த அரசன்தான் நாயகன். கிரேக்க மூலத்தில் இலியட்டின் முதல் சொல்லே கோபம், அதுவும் நாயகன் அக்கிலீஸின் கோபம். அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தின் நாயகனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் மகா உத்தமனாகவும் இருக்கக் கூடாது, அயோக்கியனாகவும் இருக்கக் கூடாது, ஒரு பிழையால் வீழ வேண்டும் என்கிறார். அந்தப் பிழைக்கு அவர் வைத்த சொல் ஹமார்த்தியா. அம்பு குறி தப்புவதற்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான்.

நம் பக்கம் வந்தால், தருமனின் தேர் தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடும் என்கிறது பாரதம். அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணரிடம் உரக்கச் சொல்லி, செத்தது யானை என்பதை வாய்க்குள்ளேயே முனகிய நொடியில் தேர் தரைக்கு இறங்கிவிடுகிறது. அவன் செய்தது சரியா தப்பா என்று வாதாடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேர் இறங்கியது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது சிலப்பதிகாரத்தின் பாண்டியன். அவனுடைய தப்பு எவ்வளவு சின்ன இடத்தில் நடக்கிறது பாருங்கள். அரசிக்கு ஊடல். அதைத் தணிக்க அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து நிற்கிறான், சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்கிறான். விசாரிக்க நேரமில்லை. கொன்று அந்தச் சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கொடுங்கோலன் இல்லை, பேராசைக்காரன் இல்லை. மனைவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் ஒரே ஒரு வாக்கியம். பிறகு கண்ணகி சிலம்பை உடைக்க, முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறிக்கிறது. "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லி அரியணையிலிருந்து விழுந்து இறக்கிறான். தன் பக்கம் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. காப்பியத்தில் அவன் வருவது கொஞ்ச நேரம்தான். கோவலனைவிட அவன்தான் எனக்கு மனதில் நிற்கிறான்.

குறையுள்ள மனிதர்கள் சாதாரண நாவல்களிலும் உண்டே. ஃபேண்டசியில் அப்படி என்ன விசேஷம்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. யதார்த்த நாவலில் ஒருவனின் கர்வம் அவனுக்குள்ளேயே இருக்கும். பேச்சில் தெரியும், மற்றவர்கள் முகத்தில் தெரியும். ஃபேண்டசியில் அது வெளியே வந்து நடமாடும்.

உர்சுலா கே. லெ க்வின் 1968-இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' இதற்கு நல்ல உதாரணம். கெட் என்ற மாணவன் மந்திரப் பள்ளியில் சக மாணவனிடம் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். அழைத்த வழியாக வேறொன்றும் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு நிழல். அது அவனைக் கிழித்துப் போடுகிறது. அவனைக் காப்பாற்றப் போன தலைமை மந்திரவாதி உயிரிழக்கிறார். அதற்குப் பிறகு கதை முழுக்க அந்த நிழல் அவனைத் துரத்துகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் அவன் அதைத் துரத்துகிறான். கடைசியில் அதை எதிர்கொண்டு அதன் பெயரைச் சொல்கிறான். அது அவனுடைய பெயர்தான். இதையே மந்திரமில்லாத நாவலில் சொல்லப் போனால், "தன் தவறை ஏற்றுக்கொண்டான்" என்ற சப்பையான வாக்கியம்தான் மிஞ்சும்.

மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் 1961-இல் வந்த ஒரு கதையில் அறிமுகமானவன். உடலில் வலுவில்லாத பேரரசன். அவனுடைய கறுப்பு வாள் கொன்றவர்களின் ஆன்மாவைக் குடித்து அவனுக்குத் தெம்பு தரும். வாள் இல்லாமல் அவனால் வாழ முடியாது, வாளோ யாரைக் குடிப்பது என்பதில் நண்பன் எதிரி என்று பார்ப்பதில்லை. போதைக்கு அடிமையானவர் இருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனையாகவே தோன்றாது.

அப்புறம், விளைவின் அளவு. அலுவலகத்தில் பொறாமைப்படுபவன் ஒரு பதவி உயர்வைக் கெடுப்பான். காவிய ஃபேண்டசியில் பொறாமைப்படுபவன் ஒரு மலைக்கணவாயைக் காக்காமல் விடுவான். பொறாமை அதே பொறாமைதான். ஒலிபெருக்கியில் கேட்பது போலக் கேட்கிறது.

டோல்கீனின் நாயகர்கள் தூய்மையானவர்கள்தானே? அவரிடமிருந்து விலகித்தானே குறையுள்ளவர்கள் வந்தார்கள்?

பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். எனக்கு உடன்பாடில்லை. 1954, 55-இல் மூன்று தொகுதிகளாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் ஃப்ரோடோ, அழிக்க வேண்டிய தீய மோதிரத்தை அத்தனை தூரம் சுமந்து, எரிமலையின் விளிம்பில் நின்று, போடமாட்டேன், இது என்னுடையது என்று சொல்லிவிடுகிறான். உலகைக் காக்க வந்தவன் கடைசி அடியில் தோற்றுப்போகிறான். மோதிரம் அழிவது, அதன் மேல் வெறிகொண்ட கோல்லம் அதை விரலோடு கடித்துப் பிடுங்கித் தவறி விழுவதால். அந்தக் கோல்லம் அதுவரை உயிரோடு இருந்ததற்குக் காரணம், முன்பு சிலர் அவன் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் ஃப்ரோடோவின் காயம் ஆறுவதில்லை. இதைப் படித்துவிட்டு ஒருவர் "தூய நாயகர்கள்" என்று சொன்னால் கடைசித் தொகுதியை வேகமாகப் புரட்டிவிட்டார் என்றுதான் நினைப்பேன்.

அதே நாவலில் அரசனாகும் அரகார்ன் பற்றிக் கேட்டால், சரி, ஒப்புக்கொள்கிறேன். அவனிடம் குறை தேடுவது கஷ்டம்.

மன்னிக்கவே முடியாத ஒன்றைச் செய்தவன் பக்கம் நம்மை எப்படிச் சாய வைக்கிறார்கள்?

இரண்டு வழி: அவன் கண்களுக்குள் நம்மை உட்கார வைப்பது, அவனிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பறிப்பது.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் தொடரில் முதல் நாவல் 1996-இல் வந்தது. அதில் ஜேமி லானிஸ்டர் ஏழு வயதுச் சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். தனக்கும் தன் சகோதரிக்கும் உள்ள உறவைப் பையன் பார்த்துவிட்டான் என்பதற்காக. அதற்கு முன்பே, காப்பதாகச் சத்தியம் செய்த அரசனையே கொன்றவன் என்று ஊரெல்லாம் கெட்ட பெயர். இரண்டு நாவல் முழுக்க அவனை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். 2000-இல் வந்த மூன்றாவது நாவலில் முதல்முறையாக அவன் பார்வையில் அத்தியாயங்கள் வருகின்றன. வாள் பிடிக்கும் கையையே இழக்கிறான். அந்த அரசன் நகரத்தையே மக்களோடு எரிக்க உத்தரவிட்டிருந்தான், அதைத் தடுக்கத்தான் கொன்றேன் என்று அவன் சொல்வது அதற்குப் பிறகுதான். அதுவும் கூட்டத்தைக் கூட்டிச் சொல்லவில்லை. தன்னைத் துளியும் மதிக்காத ஒரு பெண் வீரரிடம், காய்ச்சலில், குளியல் தொட்டியில் கிடந்தபடி.

இதில் தந்திரம் வரிசைதான். முதல் நாவலிலேயே இதைச் சொல்லியிருந்தால் சாக்குப்போக்கு மாதிரி இருந்திருக்கும். நாம் நன்றாக வெறுத்து முடித்த பிறகு சொல்வதால், நம்முடைய தீர்ப்பையே நாம் மறுவிசாரணை செய்ய வேண்டியதாகிறது. கவனியுங்கள், சிறுவனைத் தள்ளியது மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு எந்த விளக்கமும் வருவதில்லை. அரசனைக் கொன்றதைப் பற்றி மட்டும்தான் நம் கருத்து மாறுகிறது. ஆனால் படிக்கும்போது இரண்டும் கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்துவிட்டதை நானே இரண்டாவது வாசிப்பில்தான் கவனித்தேன்.

இதற்கு ஓர் எல்லை இல்லையா?

உண்டு. ஆளுக்கு ஆள் வேறு. ஸ்டீஃபன் ஆர். டொனால்ட்சன் 1977-இல் தொடங்கிய தாமஸ் கவனன்ட் வரிசையில், தொழுநோயால் ஒதுக்கப்பட்ட நாயகன் வேறொரு உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே, தனக்கு உதவிய பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறான். நிறையப் பேர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. அந்தக் குற்றத்தின் விளைவுகள் பின்னால் தொடர்ந்து வருகின்றன என்பதும் உண்மை. அது தெரிந்தும் படிக்க விருப்பமில்லை என்றால் அதுவும் நியாயமான வாசிப்புதான்.

எல்லாருமே கெட்டவர்களாக இருக்கும் கிரிம்டார்க் வகையும் இதுதானா?

பக்கத்து வீடு. அந்தச் சொல்லே வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் முழக்க வாசகத்திலிருந்து வந்தது: எதிர்காலத்தின் கொடிய இருளில் போர் மட்டுமே உண்டு என்பது அதன் பொருள். இருட்டான கதைகள் எனக்கும் பிடிக்கும். கிளென் குக்கின் 'தி பிளாக் கம்பெனி' 1984-இல் வந்தது. தீமையின் பக்கம் கூலிக்குச் சண்டை போடும் படையைப் பற்றி அந்தப் படையின் மருத்துவனே எழுதும் குறிப்புகளாகப் போகும் நாவல். அருமையாக இருக்கும். ஏனென்றால் அந்த ஆட்களுக்குள் ஒருவருக்கொருவர் விசுவாசம் உண்டு. எதிலுமே பற்றில்லாதவன் எதை இழந்தால் நமக்கென்ன? எல்லாரும் எல்லாரையும் காட்டிக்கொடுக்கும் கதையில் ஐந்தாவது துரோகத்துக்குக் கொட்டாவி வந்துவிடும். தூயவனைப் போலவே இவனும் அடுத்து என்ன செய்வான் என்று முன்பே தெரிந்துவிடுகிறது.

உண்மையான குறையையும் ஒப்பனைக் குறையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அந்தக் குறையை எடுத்துவிட்டால் கதை நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நாயகன் குடிப்பான், சிடுசிடுப்பான், தாடையில் ஒரு தழும்பு, யாரிடமும் ஒட்டமாட்டான். ஆனால் தேவையான நேரத்தில் கை நடுங்காது, வாள் தவறாது, நண்பர்கள் யாரும் இவனால் சாவதில்லை. இது குறை இல்லை, உடுப்பு. கெட்டின் கர்வத்தை எடுத்துவிட்டால் எர்த்சீயில் கதையே கிடையாது.

"அதிகமாக நேசித்துவிட்டான்", "அளவுக்கு மீறி நேர்மையானவன்" என்று வேலைக்கான நேர்காணலில் சொல்வது போன்ற குறைகளும் உண்டு. நேர்மையால் மற்றவர்கள் செத்தால் ஒழிய அவற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை.

நாயகிகளுக்கும் இதே சலுகை கிடைக்கிறதா?

எழுத்தாளர்கள் கொடுக்கிறார்கள். வாசகர்கள்தான் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். கோபக்கார நாயகனை "காயப்பட்டவன்" என்பவர்களே கோபக்கார நாயகியை "எரிச்சலூட்டுகிறாள்" என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

1971-இல் நூலாக வந்த எர்த்சீ வரிசையின் இரண்டாவது நாவலில் டெனார் என்ற இளம் பூசாரிணி, கைதிகளை இருட்டறையில் பட்டினி போட்டுச் சாகடிக்கச் சொல்கிறாள். அவளைச் சிறுவயதிலிருந்து அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். பிறகு அவளுக்குத் தூக்கத்தில் வருவதெல்லாம் அந்தக் கைதிகள்தான். என்.கே. ஜெமிசினின் மூன்று நாவல் வரிசையின் எஸ்ஸுன் இன்னும் ஒரு படி மேல். நடுத்தர வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். நிலத்தை அசைக்கும் சக்தியைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, சிறுமியாக இருந்த அவளுடைய கையை ஒருவன் உடைத்தான். அவள் வளர்ந்து தன் மகளுக்கு அதே பாடத்தை அதே விதமாகக் கற்றுக்கொடுக்கிறாள். அன்பு என்று அவள் அறிந்தது அதுதான். 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகளும் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது அந்த மூன்று நாவல்களுக்கே போனது.

இத்தனை தடிமன் தேவையா?

பல நாவல்களுக்குத் தேவையில்லை. விருந்துகளையும் கொடிச்சின்னங்களையும் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் ஒரு குறை முற்றிப் பழுப்பதற்கு நேரம் வேண்டும் என்பதும் உண்மைதான். மூன்றாவது பக்கத்தில் பொய் சொன்னவன் முந்நூறாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டால் அது திருப்பம். அந்தப் பொய்யை நாமே மறந்துபோய், மூன்றாம் தொகுதியில் அது வேறொருவர் தலையில் விடிந்தால் வரும் உணர்வு வேறு. ராபின் ஹாப் 1995-இல் தொடங்கிய ஃபிட்ஸ் என்ற கொலையாளியின் கதையில் இதைப் பார்க்கலாம். பல ஆண்டுகள் கழித்து அவனே தன் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறான். அந்தப் பையன் தப்பு செய்யும் இடங்களில், பின்னாளில் எழுதுகிறவனால் தடுக்க முடிவதில்லை. நம்மாலும்தான்.

கடைசியில் அவர்கள் திருந்தியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. திருந்துவது ஒரு முடிவு, அவ்வளவுதான். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, குறிப்பாகத் திருந்திய கையோடு நாயகன் வீரமரணம் அடைந்தால். செத்துவிட்டால் கணக்கு சுலபமாக முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் எழுந்து, தான் கெடுத்த ஆளின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஃப்ரோடோ போல உயிரோடு திரும்பி, எல்லாரும் கொண்டாடும் ஊரில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றோடு உட்கார்ந்திருப்பது எழுதுவதற்குக் கஷ்டமான முடிவு.

எங்கிருந்து தொடங்கலாம்?

எர்த்சீயின் முதல் நாவல். சின்னது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பிடித்தால் டெனாரின் கதை. பெரிய தொடருக்குத் தயார் என்றால் ஃபிட்ஸ். மார்ட்டினை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ட்டினை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறீர்கள்?

அவருடைய தொடரில் ஐந்தாவது நாவல் 2011-இல் வந்தது. ஜேமியை அதில் கடைசியாகப் பார்க்கும்போது அதே பெண் வீரர் வந்து நிற்கிறார். அவளோடு கிளம்பிப் போனவன் எங்கே என்று முகாமில் யாருக்கும் தெரியவில்லை. அவள் அவனை எதற்குள் கூட்டிப்போகிறாள் என்று வாசகர்களுக்குக் கொஞ்சம் ஊகம் உண்டு, அவனுக்கு இல்லை. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நீங்கள் கொஞ்சம் மெதுவாக வந்து சேருங்கள்.